பகரம் முதல் வகரம் வரை

கூதிர்ப் பருவம் பிறந்து இருபது நாட்கள் ஆகியிருந்தன. பெய்கின்ற மழை பெய்து தீரவில்லை. ஓய்ந்த மழை ஓய்ந்து அமையவுமில்லை. கதிரவன் எழுந்தானா என்பதைச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. ஈயம் பூசிய பாத்திரத்தின் உட்புறம்போல வானம் ஒரே நிறமாய்க் கவிந்திருக்க, தகரக் கூரையின் விளிம்பில் துளிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரண்டு, சற்றே தயங்கி, வீழ்ந்தன. கொடியில் இட்ட துணி மூன்றாம் நாளும் ஈரம் மாறாது தொங்கியது. அலமாரிப் புத்தகங்கள் பருத்துப்போய், ஒன்றை இழுத்தால் இரண்டு வந்தன. இத்தகைய பருவத்தில் மனமும் எளிதில் உலர்வதில்லை. வெயில் நாளில் தோன்றிய மாத்திரத்தில் ஆவியாகிவிடும் சிறு சினங்கள், மழை நாளில் மூலையில் தங்கிப் பூசணம் பூக்கின்றன.

அவ்வீட்டின் மூத்த மருமகளுக்குள்ளும் அப்படி ஒன்று பூத்திருந்தது. அதன் பெயரை அவள் அறிவாள். பதினோரு ஆண்டுகளாக மாமனாரின் சொல்லடைவைத் தட்டச்சு செய்கிறவளுக்கு அழுக்காறு என்னும் சொல்லின் பொருள் தெரியாமல் இராது.

மாமனார் ஓர் அச்சகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தியவர். இறைவனைப் பாடிய பழம்பாடல்களில் எந்தச் சொல் எங்கெங்கே வருகின்றது என்று அகர வரிசையில் தொகுப்பதை ஓய்வுக்காலப் பணியாக எடுத்துக்கொண்டார். எடுத்த மறு ஆண்டே கண்ணொளி மங்கிற்று. பாடல்கள் நெஞ்சில் இருந்தமையால் அவர் சொல்லச் சொல்ல மூத்தவள் கணினியில் ஏற்றினாள். விடிந்த பின் ஏழரை மணி முதல் ஒன்பதரை வரை நாள்தோறும் அந்த வேலை. அதன்பின் அவள் தான் பணிபுரியும் நகலகத்துக்குப் போவாள். அகரத்தில் தொடங்கிய பணி இப்போது வகரத்தில் நின்றது. மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டுமானால் இன்னொரு பதினோரு ஆண்டு வேண்டும். அவருக்கு வயது எழுபத்தொன்பது.

இளையவள் அவ்வீட்டுக்கு வந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. மூத்தவளின் கொழுந்தன் வெளியூரில் வேலை பார்க்க, அவன் மனைவியான இவள் இங்கிருந்தபடியே ஒரு பள்ளியின் கணினிகளைப் பராமரித்து வந்தாள். காலை ஏழுக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். வந்த முதல் வாரத்திலேயே மாமனாரின் கைப்பேசியை நேரம் சொல்லவும் செய்தி படிக்கவும் பழக்கிவிட்டாள். “இவ கைபட்டா கல்லும் வாய் தொறக்கும்” என்றார் கிழவர். மூத்தவளின் காதில் அது சுட்ட கம்பியாய் இறங்கிற்று. அடுத்த வாரம், விசைப்பலகையின் விசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் பொருத்தினாள் இளையவள். எல்லாரும் மெச்சினார்கள். பதினோரு ஆண்டுகளில் தன் விரல்கள் பதித்த பழுப்பு அடையாளங்களைத் துடைத்தெடுத்து விட்டாளே என்று மூத்தவளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. பின்னொரு நாள் வந்து பார்த்தால் நாற்காலியின் உயரம் தாழ்ந்திருந்தது. அன்றுதான் அவள் சொல்லடைவில் பகரம் முதல் வகரம் வரை இருந்த கோப்புறையைக் கணினி வட்டின் இரண்டாம் பகுதிக்கு மாற்றி, மறைத்து வைத்தாள். வலப்பக்கம் சொடுக்கி, பண்புகளுக்குள் போய், ‘மறை’ என்பதில் குறியிட்டால் கோப்புறை கண்ணுக்குத் தெரியாது. எங்கே இருக்கின்றது என்று அறிந்தவள் மட்டுமே திறக்க முடியும். நகலகத்தில் கற்ற வித்தை. ‘சின்னப் பிள்ளைகள் வந்தால் அழித்துவிடக் கூடாதே’ என்று தனக்குத் தானே காரணமும் சொல்லிக்கொண்டாள். அவ்வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை.

கணினியோ நாளுக்கு நாள் தளர்ந்தது. ஒரு மாலை, எல்லாரும் கூடத்தில் இருந்தபோது மாமனார் பேச்சை எடுத்தார்.

“பெரியவளே, இந்தப் பொட்டி கண் முழிக்கறதுக்குள்ள நான் குளிச்சு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுட்டு வந்துடலாம் போல இருக்கே.”

“பொட்டிக்கு வயசாகல மாமா” என்றாள் இளையவள். “உள்ள குடியிருக்கற சிஸ்டத்துக்குத்தான் வயசாயிடுச்சு. அதைக் காலி பண்ணிட்டு லினக்ஸ் போட்டா கன்னுக்குட்டியாட்டம் துள்ளும்.”

“அது என்னம்மா அது, லேகியமா?”

“இல்ல மாமா, இன்னொரு சிஸ்டம். ஒரு பென்டிரைவுல அதை எழுதி, பென்டிரைவுலேர்ந்தே கம்ப்யூட்டரை எழுப்பி, அப்படியே உள்ள இன்ஸ்டால் பண்ணிடலாம். அரை நாள் வேலை.”

“கேட்டியா பெரியவளே? அரை நாளாம்! பதினோரு வருஷமா இதன் தலையெழுத்தே இவ்வளவுதான்னு நாம உக்காந்துட்டோம் பாரு.”

‘நாம’ என்று அவர் சொன்னதில் யாரைச் சொன்னார் என்பது மூத்தவளுக்கு விளங்கிற்று.

மறுநாள் மாலை, மாமனார் குளியலறையில் இருந்த வேளையில், இளையவள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சேமிப்பகத்தை இணைத்து வீட்டின் கோப்புகளைப் படியெடுத்தாள்.

“அக்கா, இன்ஸ்டால் பண்றப்ப வட்டு முழுசும் அழிஞ்சிடும். அதனால ஒண்ணு விடாம எடுத்துடணும். சொல்லடைவு இந்த ஆவணங்கள் ஃபோல்டர்ல இருக்கறதுதானே?”

“ஆமா.”

“ந-வோட நிக்குதே அக்கா? மீதி?”

ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவளுக்குப் பணி எந்த எழுத்தில் நடக்கின்றது என்பது தெரியாது. மூத்தவளின் நாக்கின் நுனியில் உண்மை வந்து நின்றது. அதை அவள் விழுங்கினாள்.

“மீதியை மாமா இனிமேதான் சொல்லணும்.”

“அப்ப அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

சொன்ன பிறகு அவள் மனத்தில் ஒரு திட்டம் தானாக உருப்பெற்றது. அழியட்டும். நாளை மறுநாள் மாமனார் ‘ம’ வரிசையில் ஏதாவது ஒரு சொல்லைக் கேட்பார், இராது. ‘சின்னவளே, என்ன காரியம் பண்ணின?’ என்பார். இரண்டு நாள் அவள் அழட்டும். மூன்றாம் நாள், தன் தையல் பெட்டியில் நூற்கண்டுகளுக்கு அடியில் கிடக்கும் வெள்ளைப் பென்டிரைவை எடுத்து நீட்டலாம். வாரந்தோறும் மூத்தவள் அதில் ஒரு படி எடுத்து வைப்பது யாருக்கும் தெரியாது. அங்கும் மறைத்தே வைத்திருந்தாள். ‘நல்ல வேளை, நீ இருந்தாயே!’ என்னும் ஒரு சொல். அதற்காகத்தான் இவ்வளவும். சொல்லடைவுக்கு ஒரு கேடும் வராது, இளையவளுக்கு வரும், அவ்வளவுதானே என்று கணக்குப் போட்டவளுக்கு அன்றிரவு நல்ல உறக்கம் வந்தது. அதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது.

இளையவளின் பள்ளி விடுமுறையான நாளன்று வேலை தொடங்கிற்று. மூத்தவள் வழக்கத்துக்கு மாறாக ஒன்பது மணிக்கே நகலகத்துக்குப் போய்விட்டாள். அருகில் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்னும் அச்சம். ஆனால் அங்கே போயும் கை நிலைகொள்ளவில்லை. ஒருவர் கொடுத்த இரு பக்கத் தாளை ஒரு பக்கம் மட்டும் நகலெடுத்தாள். இன்னொருவரின் அடையாள அட்டை இயந்திரத்தின் கண்ணாடிமேலேயே கிடக்க, அடுத்தவருக்கு அதே முகத்தை மூன்று படி எடுத்துக் கொடுத்தாள். “அம்மா, இது எங்க மாப்பிள்ளை மூஞ்சி இல்ல” என்றார் அவர். கடைக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்து, “உடம்பு சரியில்லன்னா வீட்டுக்குப் போம்மா” என்றார். நண்பகலில் அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

கூடத்தில் மாமனார் தம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூத்தவளின் கணவர், பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர்; அவருக்கு அன்று வார ஓய்வு. மேல் பொத்தான் புதிதாகத் தைத்த சட்டையோடு இளையவளின் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் மூத்தவள் இதுவரை கண்டிராத நீலப் பின்னணி. அதன்மேல் ஒரு வெள்ளைப் பலகம்.

“வாங்க அக்கா! சரியான நேரத்துக்கு வந்தீங்க. பாருங்க, பென்டிரைவுலேர்ந்தே எழுந்து ஓடுது. இன்னும் உள்ள ஒண்ணுமே போடல. அதுக்கே இந்த வேகம்.”

“தமிழ்லயே கேள்வி கேக்குதாம்மா” என்றார் மாமனார் பெருமையுடன். “எந்த ஊரு, என்ன விசைப்பலகைன்னு, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி ஒவ்வொண்ணா விசாரிக்குது.”

மூத்தவள் குடையை மடக்கி மூலையில் சாய்த்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கணினிப் பெட்டியைப் பார்த்தாள். அதன் முகப்பில் வெள்ளையாக ஒன்று செருகியிருந்தது. அதன் வாலில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியவள் அவள்.

மூத்தவள் குனிந்து அதை உற்றுப் பார்த்தாள்.

“இது... இது யாரோட பென்டிரைவு?”

“நம்ம வீட்டுதுதான்” என்றார் கணவர். “இவளோடது மக்கர் பண்ணுச்சு. மூணு தடவை எழுதியும் கம்ப்யூட்டர் அதை ஏறெடுத்தும் பாக்கல. நான் பொத்தான் தைக்க ஊசி தேடினேனா, உன் பெட்டியில இது கிடைச்சுது. ஊசிக்குப் போனவனுக்கு உலக்கையே கிடைச்ச மாதிரி!”

“தொறந்து பாத்தோம் அக்கா, காலியா இருந்துச்சு. அதனாலதான் அதுல எழுதினேன்” என்றாள் இளையவள். “உங்களைக் கேக்கலாம்னு போன் பண்ணினேன், நீங்க எடுக்கல. எழுதறப்ப உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்ல, அதான் ரெண்டு தடவை பாத்தேன். ஒண்ணுமே இல்ல.”

காலியாகத்தான் இருந்திருக்கும். மறைத்தவள் மறைத்தது அவள் நினைத்ததைவிட நன்றாகவே மறைந்திருந்தது. அப்படியானால் பகரம் முதல் வகரம் வரை இவ்வுலகில் இப்போது ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கின்றது: இந்தப் பெட்டிக்குள், இந்த வட்டில்.

திரையில் எழுத்துகள் தெளிவாக இருந்தன. ‘வட்டு முழுவதையும் அழித்துவிட்டு லினக்ஸை நிறுவுக’ என்பதன் எதிரே ஒரு புள்ளி. இளையவள் கீழே இருந்த பொத்தானைச் சொடுக்கினாள். மேலே இன்னொரு சிறு பலகம் எழுந்தது. ‘இம்மாற்றங்களை மீட்டெடுக்க இயலாது. தொடரலாமா?’

அந்த ஒரு கணத்தில், நெஞ்சறிந்த ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், மூத்தவளின் மனம் முதலில் ஓடியது சொல்லடைவின் பக்கம் அன்று. ‘சும்மா இரு’ என்றது அது. ‘நீ வாய் திறந்தால் நீ மறைத்ததும் பொய் சொன்னதும் வெளிப்படும். திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. படியெடுத்தவள் அவள், பென்டிரைவை அழித்தவள் அவள், வட்டை அழிக்கப்போகிறவளும் அவள். பழி முழுதும் அவளுக்கே.’ எண்ணம் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை உணர்ந்தபோது அவளுக்கே அருவருத்தது. அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் கண் மூடி, வலக்கைப் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். நாளைக் காலை சொல்லவேண்டிய சொல்லுக்கு இடங்களை இன்றே கூட்டிக்கொண்டிருந்தார்.

இளையவளின் விரல் சுட்டியின்மேல் இருந்தது.

“நிறுத்து!”

குரல் வருமுன் கை போயிற்று. மூத்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சுட்டியிலிருந்து இழுத்துவிட்டாள். சுட்டி மேசையினின்று உருண்டு, கம்பியில் தொங்கிற்று.

“ஐயோ, என்னக்கா? கை வலிக்குது!”

“அழிக்காத. உள்ள இருக்கு.”

“என்ன இருக்கு?”

“ப-லேர்ந்து வ வரைக்கும். எல்லாம் உள்ளதான் இருக்கு. நான்தான் மறைச்சு வச்சேன். நீ கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அந்தப் பென்டிரைவுலயும் ஒரு படி இருந்துச்சு. அதுவும் போச்சு.”

கணவர் சட்டையின் புதுப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

“ஏன்க்கா?” என்றாள் இளையவள். அவள் முகம் வெளுத்திருந்தது. “நான் அழிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? இந்த வீட்ல அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருந்திருப்பேன்?”

“அதுக்காகத்தான்” என்றாள் மூத்தவள். “நீ வந்ததுலேர்ந்து மாமா என்னைத் திட்றதே இல்ல. ஒரு ஒற்று விட்டா முன்னெல்லாம் வீடே அதிரும். இப்ப எதுக்கெடுத்தாலும் ‘சின்னவளைக் கூப்பிடு.’ திட்றதுக்குக்கூட உன்னைத்தான் தேடறாரு.”

இளையவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு, மூத்தவள் எதிர்பாராத ஒரு காரியம் செய்தாள், சினந்து கத்தினாள்.

“என்னைத் திட்றாருதான்! நாள் தவறாம திட்றாரு! ஆனா சொல்லடைவுல ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு ஏத்தறேன் மாமான்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? ‘அது பெரியவ இடம், நீ போன் பாரு’ன்னுடுவாரு. கீபோர்டைக் கழுவினேன், நாற்காலியைச் சரி பண்ணினேன், இப்ப லினக்ஸ் போட வந்தேன். எல்லாம் எதுக்கு? அந்த இடத்துல அஞ்சு நிமிஷமாவது உக்காரத்தான். பொறாமை உங்களுக்கு மட்டும் எழுதிக் குடுத்த சொத்தா?”

மூத்தவள் அவளை முதன்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

இளையவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொங்கிய சுட்டியை எடுத்து, அழிக்கும் பலகத்தை மூடினாள். நிறுவும் செயலியையும் மூடினாள். பென்டிரைவிலிருந்து எழுந்த அந்தப் புதிய அமைப்பின் வழியாகவே பழைய வட்டின் இரண்டாம் பகுதியைத் திறந்தாள். அதில், எவ்விதத் தேடலும் இல்லாமல், பட்டப்பகலில் வைத்ததுபோல் ஒரு கோப்புறை இருந்தது: ‘ப–வ’.

“இதோ இருக்கே!” என்றார் கணவர். “மறைச்சேன்னு சொன்ன?”

“அது பழைய சிஸ்டத்துக்குப் போட்ட மறைப்பு அத்தான். லினக்ஸ் அதைச் சட்டை பண்ணாது” என்றாள் இளையவள்.

சாய்வு நாற்காலியில் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“பெரியவளே.”

“மாமா.”

“முழுசா இருக்கா?”

“இருக்கும் மாமா.”

“‘இருக்கும்’னா? மெய்ப்பு பாத்தவன்கிட்ட ‘இருக்கும்’னு சொல்லாத. தொற. ‘பொறை’ எத்தனை இடம்னு சொல்லு.”

இளையவள் எழுந்து நாற்காலியை விட்டாள். கோப்பு திறந்தது, ஆனால் திரையில் தமிழ் இல்லை. புள்ளியும் கொம்புமாய், பூச்சி ஊர்ந்ததுபோல ஒரு குழப்பம். மூத்தவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். “பயப்படாதீங்க அக்கா” என்றாள் இளையவள். “எழுத்துரு இல்ல, அவ்வளவுதான். எந்த எழுத்துரு? எனக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.” பழைய வட்டில் நாற்பது எழுத்துருக்கள் கிடந்தன. நகலகக்காரரிடம் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அந்த ஒன்றை மூத்தவள் விரலால் காட்ட, இளையவள் அதைப் படியெடுத்து உரிய இடத்தில் வைத்தாள். பூச்சிகள் எழுத்துகளாயின.

“இருபத்திமூணு இடம் மாமா.”

“நான் இருபத்திரண்டுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்” என்றார் கிழவர். பிறகு குரல் உயர்ந்தது. “அறிவு இருக்கா உனக்கு? பதினோரு வருஷ உழைப்பை வச்சுச் சூதாடுவாங்களா? நூற்கண்டுக்கு அடியில வைக்கிற பொருளா அது? இன்னொரு தடவை இப்படி ஏதாவது கேட்டேன்...”

அவர் திட்டத் தொடங்கினார். முன்புபோலவே, வீடு அதிர, ஒற்று விட்டவளைத் திட்டுவதுபோல, ஆனால் அதைவிட நெடுநேரம் திட்டினார். மூத்தவள் தலை குனிந்து நின்று ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது; அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. திட்டி ஓய்ந்தவர் இளையவள் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“சின்னவளே, வகரத்துல நாளைக்கு ஒரு பத்து சொல்லு சொல்லுவேன். நீ ஏத்து. பெரியவ பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். ஒற்று விட்டா ரெண்டு பேருக்கும் கிடைக்கும்.”

“அப்ப நான் பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வரேன்னு சொல்லிடறேன் மாமா” என்றாள் இளையவள் அவசரமாக.

மறைந்திருந்த கோப்புறைக்கும் அந்த எழுத்துருவுக்கும் பள்ளியின் சேமிப்பகத்தில் ஒன்றும், கணவரின் கைப்பேசியில் ஒன்றும் ஆக இரண்டு படிகள் எடுக்கப்பட்டன. இரண்டையும் திறந்து, கடைசிச் சொல்வரை பார்த்த பிறகே நிறுவும் செயலி மறுபடி தொடங்கப்பட்டது. ‘தொடரலாமா?’ என்று அது கேட்டபோது இளையவள் சுட்டியைத் தொடவில்லை, மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தலையசைத்தாள். ஆனாலும், சொடுக்கிய ஒலி கேட்டபோது அவளுள் எதுவோ சுருக்கென்றது. நாளை அந்த நாற்காலியில் இன்னொருத்தி உட்காரப்போகிறாள். அது இன்னும் வலிக்கத்தான் செய்தது. வலிக்காது என்று அவள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை.

நீலக் கோடு திரையில் மெல்ல வளர்ந்துகொண்டிருக்க, பொழுது சாய்ந்தது. மூத்தவள் எழுந்து கை கால் கழுவிக்கொண்டு, கூடத்து மூலையில் இருந்த இறைவன் படத்தின் முன் போய் நின்றாள். ஈரத்தில் நமத்துப்போன தீக்குச்சிகள் இரண்டு பற்றவில்லை, மூன்றாவது பற்றிற்று. அகலின் திரியில் சுடரை வைத்தாள். ஏழு மாதங்களாக அவ்விடத்தில் நின்று அவள் வேண்டியவை என்னென்ன என்பது அவளுக்கு நினைவு வந்தது. இன்று எதையும் வேண்டவில்லை. கைகூப்பி, கண்மூடி, வாய்க்குள் ஒரு பெயரைச் சொல்லி நின்றாள். சற்றுக் கழித்து, அருகில் இன்னொருத்தி வந்து நிற்கும் அரவம் கேட்டது. மூத்தவள் கண் திறவாமலே சிறிது விலகி இடம் விட்டாள்.

சாய்வு நாற்காலியிலிருந்து, தீக்குச்சி உரசிய ஒலி கேட்ட திசையை நோக்கி, கிழவர் இரு கைகளையும் உயர்த்தினார்.

“ரெண்டு பேரும் ஒரு குறையுமில்லாம நல்லா இருங்க. கை ஓயாம, நாக்குப் பொய்க்காம, மனசு குளுந்து இருங்க.”